அதட்ட முடியாத பெயர்

ஜூலை 3, புதன்

கோமதி வேலை பார்க்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வருஷா வருஷம் டைரி கொடுப்பார்கள். பாதி வருஷம் சும்மா கிடந்ததை இன்று என்னிடம் நீட்டினாள். "மாமா, வாய்க்குள்ளயே முணுமுணுன்னு பேசிட்டுத் திரியிறீங்கள்ல, அதையெல்லாம் இதுல எழுதுங்க. என் காதுக்கும் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்" என்றாள். மாமனாரிடம் மருமகள் பேசுகிற பேச்சைப் பாருங்கள். ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

முதல் பக்கத்தில் விவரம் கேட்டிருக்கிறார்கள். பெயர்: ச. சுடலைமுத்து. வயது: அறுபத்து மூன்று. தொழில்: அரசுப் பேருந்து நடத்துநர், ஓய்வு. ஊர்: கோவில்பட்டி. மனைவி ராஜம்மாள் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. மகன் சங்கரலிங்கம் வேலை விஷயமாகத் திருப்பூரில் இருக்கிறான். மருமகள் கோமதிக்கு இது ஒன்பதாம் மாதம். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, அதனால் பிரசவமும் இங்கேதான். ரத்த வகைக்கு ஒரு கட்டம் இருந்தது. அதைக் கோமதியே நிரப்பிவிட்டாள்.

ஜூலை 7, ஞாயிறு

முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கோமதி பெயர்ப் பேச்சை எடுத்தாள். இதில் பேச என்ன இருக்கிறது? எங்கள் வீட்டு வழக்கத்தை விளக்கினேன். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர். என் அப்பா சங்கரலிங்கம். நான் ச. சுடலைமுத்து. என் மகன் சு. சங்கரலிங்கம். அவனுக்கு மகன் பிறந்தால் ச. சுடலைமுத்து. வாசலில் இருக்கிற பெயர்ப்பலகையை மாற்றவே வேண்டாம், அடியில் இருக்கிற 'நடத்துநர் (ஓய்வு)' என்பதை மட்டும் சுரண்டிவிட்டால் போதும் என்று சொன்னேன். இந்த வேடிக்கையை நான் பல வருஷமாகச் சொல்லக் காத்திருந்தேன்.

கோமதி சிரிக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைன்னா?"

"அது உன் இஷ்டம்."

"ஆம்பளப் பிள்ளைன்னாலும் என் இஷ்டந்தான் மாமா. இனிஷியலும் என்னோடதுதான். கோ."

என்ன சொல்கிறாள் என்று விளங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆண் பிள்ளைக்கு ஆத்தாள் பெயர் முன்னெழுத்தா? பள்ளிக்கூடத்தில் நாலு பேர் கேட்க மாட்டார்களா? "தகப்பன் உசுரோட இருக்கான்த்தா" என்றேன்.

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும். என் பிள்ளைக்கு முன்னால இருக்க வேண்டாம்" என்று கீரையை அலசப் போய்விட்டாள்.

நான் டீக்கடைக்குப் போய்விட்டேன்.

ஜூலை 8, திங்கள்

முதல் நாள் எழுதியதில் ஒரு விவரம் விட்டுப்போயிற்று. சங்கர் போனது மாசி மாதம். வேலை விஷயம் என்பதும் உண்மைதான். அங்கே பனியன் கம்பெனியில் கூட வேலை பார்க்கிற ஒரு பெண்ணோடு இருக்கிறான் என்பதும் உண்மைதான். வந்துவிடுவான். பிள்ளை முகத்தைப் பார்த்தால் எவனும் வந்துவிடுவான்.

ஜூலை 15, திங்கள்

ஆண் பிள்ளை. மூன்று கிலோ நூறு கிராம். காலை 10.40. ஆபரேஷன். தாயும் பிள்ளையும் சுகம்.

எதிர்வீட்டு அன்னத்தாய் பிள்ளையைக் கையில் வாங்கியதுமே, "அச்சு அசல் அண்ணாச்சிதான், அந்தக் கோபத்தப் பாருங்க" என்றாள். பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு கிடந்தான். சிவப்பாக, நகமெல்லாம் முழுசாக. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கினால் என்ன?

கோமதி மயக்கத்தில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் ஏதோ பாரம் கொடுத்தார்கள். நிரப்பிக் கொடுத்தேன். பிறகு எல்லாருக்கும் லாலா கடை அல்வா.

ஜூலை 19, வெள்ளி

வீட்டுக்கு வந்தாயிற்று. அன்னத்தாய் குளிப்பாட்ட வருகிறாள். வெந்நீர் போடுவது என் வேலை. பிள்ளைத்துணி அலசுவதும் என் வேலை. முப்பத்து நாலு வருஷம் பஸ்ஸில் எத்தனையோ பிள்ளைகள் என் காக்கிச்சட்டையில் மூத்திரம் பெய்திருக்கிறார்கள். அப்போதெல்லாம் எரிந்து விழுவேன். இவன் பெய்தால் சிரிப்பு வருகிறது.

சங்கருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை.

ஜூலை 30, செவ்வாய்

பதினாறாம் நாள். பெயர் வைக்க வேண்டிய நாள். கோமதி, "பேரு இன்னும் முடிவாகல, சும்மா தொட்டில் மட்டும் போடுவோம்" என்றாள். அன்னத்தாய் வீட்டில் இரண்டு பேர், நாங்கள், அவ்வளவுதான். பிள்ளையைக் கோமதி தற்சமயம் குட்டி என்று கூப்பிடுகிறாள்.

சாயங்காலம் ஒரு காகிதத்தில் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு என்னைச் சோதித்தாள். கோ என்ற எழுத்தோடு சேர்ந்து காதுக்கு நன்றாக இருக்க வேண்டுமாம். வாத்தியார் வருகை எடுக்கிற மாதிரி அவள் வாசிப்பாள், நான் கேட்டுச் சொல்ல வேண்டும்.

"கோ. இளம்பரிதி."

"வாய் வலிக்கி. அடுத்தது."

"கோ. பாலன்."

"சேத்துச் சொல்லிப் பாரு. கோபாலனாப் போயிரும்."

"கோ. விந்தன்?" என்று வேண்டுமென்றே கேட்டாள். இரண்டு பேரும் சிரித்தோம். தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சங்கர் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

சிரித்து முடித்ததும் சொன்னாள்: "மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பேரு மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா அத வச்சா நான் எப்படி வாய்நெறயக் கூப்பிடுவேன்? மாமனார் பேரச் சொல்லக்கூடாதுன்னு அத்த எனக்கு முதல் நாளே சொல்லிக் குடுத்தாங்க. நான் எம்பிள்ளைய எப்படி அதட்டுவேன்?"

"அதட்டுறதுக்கா பேரு வைக்கிறது?" என்றேன்.

"அதுக்குந்தான்" என்றாள்.

நான் வெந்நீர் அடுப்பைப் பார்க்கப் போனேன். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வாயு.

ஆகஸ்ட் 8, வியாழன்

சங்கர் பேசினான். திருப்பூரில் வெயில் அதிகம் என்றான். போனை வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

கோமதியின் காகிதத்தில் பதினோரு பெயர் அடிபட்டு நாலு பாக்கி. ஒவ்வொன்றுக்கும் ஏதாவது குறை சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவள் சலிக்கவில்லை. "சரி, அதுவும் வேண்டாம்" என்று அடிக்கிறாள். பெற்றவள் ஒரு பெயருக்கு இவ்வளவு பாடுபடுவாள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் காலத்தில் பெயர் ஏற்கெனவே தயாராக இருக்கும், பிள்ளைதான் வர வேண்டும்.

குட்டி இன்று என் விரலை விடவே இல்லை.

ஆகஸ்ட் 21, புதன்

இந்த டைரியைக் கோமதி படிக்க மாட்டாள். இதிலும் மழுப்பினால் நான் மனுஷனே இல்லை. எழுதிவிடுகிறேன்.

பிள்ளை பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்தது பிறப்புப் பதிவுப் பாரம். குழந்தையின் பெயர் என்று ஒரு கட்டம். முடிவாகவில்லை என்றால் காலியாக விடலாம், பிறகு நகராட்சியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று அங்கிருந்த நர்ஸ் பெண் தெளிவாகச் சொன்னாள். நான்தான் பேனாவைத் திறந்து ச. சுடலைமுத்து என்று எழுதினேன். கொட்டை எழுத்தில் எழுதினேன். உள்ளே கோமதிக்குத் தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே எழுதிவிட்டேன். அப்பனின் எழுத்து முன்னால் இருந்தால் அப்பன் வந்துவிடுவான் என்று அந்த நேரம் தோன்றியது. அது மட்டும் காரணமா என்று கேட்டால், இல்லை. என் பெயர் எனக்குப் பிறகும் இந்த வீட்டில் கூப்பிடப்பட வேண்டும் என்று ஆசை. கேவலமான ஆசை இல்லை. ஆனால் கேட்காமல் செய்தது கேவலம்.

போன வாரமே சான்றிதழ் வந்துவிட்டது. நானே போய் வாங்கி, பீரோவில் ராஜம்மாளின் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருக்கிறேன். பெயர் ஏறிவிட்டது. கோமதி காகிதத்தை வைத்துக்கொண்டு பெயர் தேடுகிறாள், நானும் உட்கார்ந்து நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

இன்னொன்றும் பாக்கி. எட்டாம் தேதி சங்கர் பேசியது வெயிலைப் பற்றி மட்டும் இல்லை. "அப்பா, பிள்ளைக்கு எதுலயும் என் பேரப் போட்டுறாதீங்க. நாளைக்கி இங்க அவளுக்குத் தெரிஞ்சா பிரச்சினையாயிரும்" என்றான். பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்கவில்லை. நான், "சரிய்யா" என்றேன்.

ஆமாம், சரிய்யா என்றுதான் சொன்னேன். அவனை நான் அப்படித்தான் கூப்பிட்டு வளர்த்தேன். என் அப்பா பெயரை வைத்திருக்கிறவனை ஏலே என்று எப்படிக் கூப்பிடுவது? நாக்கு வருமா? ராஜம்மாளுக்கு அது மாமனார் பெயர், அவள் வாயில் அந்தப் பெயரே வராது. ஆக அவன் இந்த வீட்டில் பிறந்ததிலிருந்து 'ஐயா'தான். அடுத்த வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தபோது, "ஐயா, அப்படிச் செய்யலாமா?" பத்தாம் வகுப்பில் மூன்று பாடத்தில் போனபோது, எங்க ஐயா மனசு ஒடிஞ்சிடக்கூடாது என்று ராஜம்மாள் பாயசம் வைத்தாள். நானும் இரண்டு டம்ளர் குடித்தேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கோமதி காலையில் சொன்னாள்: "மாமா, பேரு முடிவாயிருச்சு. உங்களுக்கு இப்பச் சொல்ல மாட்டேன், சொன்னா எதாவது நொட்டை சொல்லுவீங்க. நாளைக்கி நகராட்சிக்குப் போயி எழுதிக் குடுத்துட்டு வந்து சொல்லுதேன்."

முகமெல்லாம் பூரிப்பு. பிள்ளைக்குப் புதுச்சட்டை எடுத்து வைத்திருக்கிறாள். கவுன்டரில் போய் நின்று, பெயர் ஏற்கெனவே இருக்கிறதே என்று யாரோ ஒருவர் சொல்ல, அவள் அதைக் கேட்க வேண்டும்.

எதிரே உட்கார்ந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பீரோவைத் திறந்தேன். அவள் பிள்ளையைக் குளிப்பாட்டக் கொல்லைப்பக்கம் போன நேரத்தில், சான்றிதழை எடுத்துத் தொட்டிலில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனேன். கதிரேசன் கோவில் மலை வரைக்கும் போய் அங்கே உட்கார்ந்திருந்தேன். சாமி கும்பிடவில்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு கும்பிடுவது?

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. என் பெயர்தான்.

"ஏலே சுடலைமுத்து!"

தூக்கிவாரிப்போட்டது. வாசலில் அன்னத்தாய் கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு வாயைப் பிளந்து நின்றாள். உள்ளே கோமதி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, பிள்ளையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நிற்பது அவளுக்குத் தெரியும். என் பக்கம் திரும்பவில்லை.

"யாரக் கேட்டுல இதச் செஞ்சே, சுடலைமுத்து? நான் அங்க வயித்தக் கிழிச்சிப் போட்டுக் கெடந்தேன், நீ வெளிய உக்காந்து பேரு எழுதினியோ? ஒரு மாசமா எங்கூட உக்காந்து நல்லாருக்கு, நல்லால்லன்னு நடிச்சியே, உனக்குக் கூச்சமா இல்லையால? உன்ன நம்பித்தானல நான் இந்த வீட்டுல இருக்கேன்? ஒருத்தன் போனான். சரி, போட்டும், மாமா இருக்காருன்னு இருந்தேன். நீயும் இப்படித்தானா, சுடலைமுத்து?"

பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துப் பொக்கைவாயைத் திறந்து சிரித்தான். அவன்பாட்டுக்குச் சிரித்தான்.

"சிரிக்கியா? சிரி. ஒருத்தன அதட்டாம வளத்த லெட்சணத்தத் திருப்பூர்ல போய்ப் பாரு. உன்ன அப்படி வளக்க மாட்டேன்ல. தாத்தா பேராவது பாட்டன் பேராவது, அதட்டுவேன், பாத்துக்கோ!"

அப்புறம் அழுதுவிட்டாள். நான் நிலைப்படியிலேயே உட்கார்ந்தேன். பஸ்ஸில் எத்தனை பேரிடம் எத்தனை ஏச்சு வாங்கியிருக்கிறேன், ஒன்றும் ஒட்டியதில்லை. இது ஒவ்வொன்றும் ஒட்டியது. எல்லாம் நியாயம்.

செப்டம்பர் 4, புதன்

மூன்று நாளாகப் பேச்சில்லை. சாப்பாடு வேளைக்கு வருகிறது. பிள்ளையை என்னிடம் தருவதற்குப் பதில் பாயில் போட்டுவிட்டுப் போகிறாள், நான் எடுத்துக்கொள்கிறேன். அவனை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. குட்டி என்றுகூட அவள் கூப்பிடுவதில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

நகராட்சிக்குப் போனேன். அந்தப் பிரிவில் இருக்கிற பெண் பொறுமையாகக் கேட்டாள். பெயர் ஏறிய பிறகு மாற்றுவது லேசு இல்லையாம். அரசிதழில் வெளியிட வேண்டும். அதற்கான விண்ணப்பத்தில் தாய், தகப்பன் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். பழைய பெயர் ஒரு கட்டம், புதிய பெயர் ஒரு கட்டம். பக்கத்துத் தெருவில் இதற்கென்றே ஒருவர் விண்ணப்பம் தயார் செய்து கொடுக்கிறார் என்று வழிசொன்னாள்.

"என்ன பெரியவரே, பேரு நல்லாத்தான இருக்கு? எதுக்கு மாத்தணும்?" என்று கேட்டாள்.

"எழுதுனவன் சரியில்லம்மா" என்றேன்.

விண்ணப்பத்தை வாங்கி வந்து கோமதி முன்னால் வைத்தேன். "உன் கையெழுத்தப் போடுத்தா. பேருக் கட்டம் ரெண்டும் அப்படியே இருக்கட்டும். அவன் கையெழுத்த நான் போய் வாங்கிட்டு வாரேன்."

நாலு நாளைக்குப் பிறகு பேசினாள். "அவுக போடுவாகளா?"

"போட வைக்கேன்."

கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடிவிட்டு, "பஸ்ல சன்னலோரமா உக்காருங்க. மோர் கலந்து தாரேன், எடுத்துட்டுப் போங்க" என்றாள். அதுவே பெரிது.

செப்டம்பர் 10, செவ்வாய்

விடியற்காலை பஸ். மதுரை, ஒட்டன்சத்திரம், தாராபுரம். பதினொன்றரை மணிக்குத் திருப்பூர்.

கம்பெனி வாசலுக்கு எதிரில் ஒரு பேக்கரியில் காத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்துக்கு வெளியே வந்தான். தாடி விட்டிருக்கிறான். இளைத்திருக்கிறான். சட்டை முழுக்கப் பஞ்சு. என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. அவன் அம்மா ஞாபகம் வந்தது எனக்கு, ராஜம்மாளுக்கு அதே நெற்றி.

"என்னப்பா திடீர்னு? சொல்லிட்டு வரக்கூடாதா? இங்க எல்லாரும் இருக்காங்க."

விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தேன். பிள்ளையின் பெயரை மாற்ற வேண்டும், உன் முன்னெழுத்தும் போய்விடும், கையெழுத்து வேண்டும் என்று சொன்னேன். இரண்டு கட்டமும் காலியாக இருந்தன. பழைய பெயர் என்ன என்று கேட்பான், அல்லது புதிய பெயர் என்ன என்றாவது கேட்பான் என்று பார்த்தேன். என் பையில் பிள்ளையின் படம் ஒன்று இருந்தது. அன்னத்தாய் மகள் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தது. கேட்டால் எடுத்துக் காட்டலாம் என்று கையைப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

"எங்க போடணும்?" என்று கேட்டான். போட்டான். "இவ்வளவுதானா? இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று டீயைக் குடித்தான். நிம்மதியாகக் குடித்தான்.

அப்போதுதான் எனக்கு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியாது.

"ஏலே சங்கரலிங்கம்!"

பேக்கரி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவன் கையில் டம்ளர் அப்படியே நின்றது. முப்பத்தொரு வருஷத்தில் நான் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பெத்த பிள்ளைக்கு என்ன பேருன்னு கேக்கத் தோணலையால உனக்கு? நீயெல்லாம் மனுசனால? அந்தப் பிள்ள நாலு மாசத்துச் சுமையோட நிக்கையில வீட்ட விட்டு எறங்கினியே, உன் காலு கூசலையா? நான் உன்னய ஐயா ஐயான்னு தாங்கினேன் பாரு, என்னயச் செருப்பால அடிக்கணும். எங்கப்பன் பேர உனக்கு வச்சி, எங்கப்பனுக்குக் குடுக்க வேண்டிய மரியாதையெல்லாம் உனக்குக் குடுத்து…"

மேலே பேச மூச்சு வரவில்லை. பேக்கரிக்காரர் தண்ணீர் கொண்டு வந்து வைத்தார். சங்கர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. மெதுவாகச் சொன்னான்.

"இத சின்னப்பிள்ளையிலயே செஞ்சிருக்கலாம்லப்பா."

என்னைக் குத்துவதற்குச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னான். அவன் சட்டையில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டேன். வேளைக்குச் சாப்பிடு என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். படத்தைக் காட்டவில்லை.

செப்டம்பர் 11, புதன்

கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "என்ன சொன்னாங்க?" என்று கோமதி கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கல. நான் ஏசினேன்" என்றேன்.

"நீங்களா? அவுகளையா?"

"பேரச் சொல்லியே ஏசினேன்."

பிள்ளையைத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தாள். பாயில் போடவில்லை, கையில் கொடுத்தாள். "பிடிங்க, உலையில அரிசி போடணும்" என்றாள்.

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே என் வேட்டியை நனைத்தான்.

செப்டம்பர் 16, திங்கள்

இரண்டு பேரும் பிள்ளையோடு விண்ணப்பக்காரர் கடைக்குப் போனோம். மேசையின் ஒரு பக்கம் கோமதி, மறுபக்கம் நான். அவர் விண்ணப்பத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளி, "பேருக் கட்டம் ரெண்டையும் நிரப்புங்க ஐயா. அடித்தல் திருத்தல் இருக்கக்கூடாது" என்றார்.

கோமதி, "நீங்க எழுதுங்க மாமா. உங்க கையெழுத்துத்தான் அழகாருக்கும்" என்றாள். மனதில் எதையும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, எனக்குத் தெரியும். மனதில் வைத்திருந்தால் என் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற பெண் அவள்.

பழைய பெயர் என்ற கட்டத்தில் ச. சுடலைமுத்து என்று எழுதினேன். எத்தனை ஆயிரம் தடவை எழுதிய பெயர். பழைய பெயர் என்ற தலைப்புக்குக் கீழே எழுதுவது இதுதான் முதல் தடவை. வருத்தமாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்.

புதிய பெயர் என்ற கட்டம் வந்ததும் பேனாவை அவள் பக்கம் நீட்டினேன்.

"பரவால்ல, எழுதுங்க மாமா, நான் சொல்லுதேன்."

"வேண்டாம் தாயி. ஒரு தடவ நான் எழுதுனது போதும். நீ எழுது."

பிள்ளையை என் மடியில் விட்டுவிட்டுப் பேனாவை வாங்கினாள். நிதானமாக எழுதினாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. எழுதி முடித்துக் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள்.

கோ. மருதன்.

"காதுக்கு எப்படி இருக்கு மாமா? நொட்டை எதுவும் இருந்தா இப்பவே சொல்லிருங்க" என்றாள்.

மடியில் இருந்தவன் என் சட்டைப் பையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். வாய் தானாக வந்தது. "ஏலே மருதா, விடுல" என்றேன். அவன் விடவில்லை. கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கு, அப்படியே இருக்கட்டும்" என்றாள்.